எங்கும் இடிக்காமலே தொடையிலும் கையிலும் கன்றிப்போகிறது, பிளேட்லெட் நார்மல் என்கிறார்கள், விட்டுவிடலாமா?

கொடிமுல்லை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 34, இரண்டு பிள்ளைகள், ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கும்போதுதான் பார்த்தேன், வலது தொடையின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரத்தக்கட்டு, நடுவில் கருநீலம், ஓரமெல்லாம் பச்சையும் மஞ்சளுமாக. எங்கே இடித்தேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அதற்குக் கீழே பழசு இரண்டு இருக்கிறது. இடது மேல்கையில் ஒன்று, அது எப்படி வந்தது என்று தெரியும், சின்னவள் பஸ் ஏறும்போது பயத்தில் கையை இறுக்கிப் பிடித்தாள், மறுநாள் பார்த்தால் நாலு விரலும் அச்சு வைத்த மாதிரி நீலமாக நிற்கிறது. எட்டு வயதுப் பிள்ளையின் பிடி அது.

நாலைந்து மாதமாக இப்படி என்று எழுத வந்தேன், ஆனால் யோசித்துப் பார்த்தால் பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு இப்படித்தான். மாமியார் காற்று கருப்பு அறைந்திருக்கும், கயிறு மந்திரித்துக் கட்டலாம் என்கிறார். வீட்டுக்காரர் உனக்குத் தோல் மெலிசு என்று சொல்லிவிட்டார். அம்மாவிடம் போனில் சொன்னால், நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு உடம்பே அப்படித்தான், எனக்கும் உண்டு, பாட்டிக்கும் உண்டு என்கிறாள்.

பயத்தில் கடைக்குப் பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்தேன். பிளேட்லெட் 2,60,000, நார்மல், போங்க என்று சொல்லிவிட்டார்கள். ஹீமோகுளோபின் 8.6 என்று இருந்தது, அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இணையத்தில் தேடினால் எடுத்ததும் ரத்தப் புற்றுநோய் என்று வருகிறது, இரண்டு நாளாகத் தூக்கமில்லை. பிளேட்லெட் சரியாக இருந்தால் இதை விட்டுவிடலாமா? இல்லை யாரையாவது பார்க்க வேண்டுமா?

நெல்லிமரம் எழுதியது:

சகோதரி, வைட்டமின் சி குறைந்தாலும் இப்படிக் கன்றும். தினம் ஒரு பெரிய நெல்லிக்காய் சாப்பிடுங்கள், கொய்யாவும் நல்லது. ரத்தக்கட்டின் மேல் புளியும் உப்பும் குழைத்துச் சூடாகப் பற்றுப் போட்டால் வடிந்துவிடும், எங்கள் வீட்டில் காலங்காலமாகச் செய்வதுதான்.

பனங்காடு28 எழுதியது:

அக்கா, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு இருப்பது இதுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் ஷூவையும் சாக்ஸையும் கழற்றினேன், சாக்ஸின் எலாஸ்டிக் அழுத்திய இடத்தில் வட்டமாகக் கடுகு தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். அரிப்பு இல்லை, வலி இல்லை. உடம்புச் சூடு என்று நினைத்து மூன்று நாள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். நாலாவது நாள் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை, வாய்க்குள் கன்னத்துப் பக்கம் கறுப்பாக ஒரு ரத்தக் கொப்புளம். அன்றைக்கு எடுத்த பிளேட்லெட் 9,000. சரியான அளவு ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை, எனக்கு இருந்தது வெறும் ஒன்பதாயிரம்!

ஐடிபி என்றார்கள். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே பிளேட்லெட்டை எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. ஸ்டீராய்டு மாத்திரையில் மூன்று வாரத்தில் எண்ணிக்கை ஏறியது, இப்போது நன்றாக இருக்கிறேன். அன்றைக்கு வார்டில் ஒரு டாக்டர் காட்டித் தந்த வித்தையை இங்கே எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். கண்ணாடி டம்ளரின் பக்கத்தைப் புள்ளியின் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். கொசுக்கடி, வேர்க்குரு, அலர்ஜித் தடிப்பெல்லாம் அழுத்தினால் வெளுத்துப்போகும். தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம் வெளுக்காது, கண்ணாடிக்குப் பின்னால் அப்படியே சிவப்பாக நிற்கும். காய்ச்சல் இருந்து இப்படிப் புள்ளியும் வந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், டெங்குவிலும் வரும், மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் பரவினாலும் வரும். டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான், புரூஃபென், ஆஸ்பிரின் வகை கூடவே கூடாது.

உங்களுக்குப் புள்ளி இல்லை, எண்ணிக்கையும் நன்றாக இருக்கிறது, அதனால் இது என் வியாதி இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் விட்டுவிடலாமா என்று கேட்டால், வேண்டாம் அக்கா.

வார்டு_செவிலி எழுதியது:

தங்கச்சி, அரசு மருத்துவமனையில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேல்கையில் நாலு விரல் தடம் என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தை பிடித்தது என்பதை நம்புகிறேன். ஆனாலும் அந்த இடத்தில் அந்த மாதிரித் தடத்தோடு வருகிற எல்லாப் பெண்களிடமும், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, வீட்டில் யாராவது கை வைக்கிறார்களா என்று கேட்பது எங்கள் வேலை. கேட்டபிறகுதான் வாயைத் திறந்தவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு இல்லையென்றால் சந்தோஷம். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது இருந்தால் 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.

அடுத்தது அந்த ஹீமோகுளோபின். 8.6 சாதாரணம் இல்லை. எனக்கு அந்த நீலத்தைவிட இதுதான் உறுத்துகிறது, அந்த ரத்தம் எங்கே போகிறது? மாதவிலக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை பேட், பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா, பல் பிடுங்கியிருக்கிறீர்களா? கூச்சப்படாமல் எழுதுங்கள், இங்கே யாருக்கும் உங்கள் பெயர் தெரியாது.

கொடிமுல்லை எழுதியது:

அக்கா, நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. எனக்கு அப்படி எதுவும் இல்லை, வீட்டுக்காரர் அதட்டிக்கூடப் பேசமாட்டார்.

மாதவிலக்கு எட்டு ஒன்பது நாள் போகும். முதல் மூன்று நாள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பேட், இரவில் இரண்டு சேர்த்து வைத்துக்கொண்டு பழைய சேலையை விரித்துப் படுப்பேன், கட்டி கட்டியாகவும் போகும். எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன், அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். வலிக்கு மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போடுவேன், மெஃபனமிக் ஆசிட் என்று அட்டையில் இருக்கிறது. இரண்டாவது பிரசவம் முடிந்து பத்தாவது நாள் அதிகமாகப் போய் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். 22 வயதில் கடைவாய்ப்பல் பிடுங்கினேன், அன்று இரவு முழுக்கப் பஞ்சைக் கடித்தபடியே உட்கார்ந்திருந்தேன், விடியும்போது தலையணை உறை முழுக்க ரத்தம். மறுபடி போய்த் தையல் போட்டார்கள். பல் பிடுங்குவதற்கு முன்னால், ரத்தம் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது, உறைகிறது என்று பார்க்கிற பிடி, சிடி டெஸ்ட் எடுத்து நார்மல் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

எழுதும்போதுதான் இதெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்ததோ என்று தோன்றுகிறது.

தெற்குத்தெரு_மகள் எழுதியது:

கொடிமுல்லைக்கு டாக்டர்கள் யாராவது பதில் சொல்லட்டும், நான் வயதானவர்களை வைத்திருப்பவர்களுக்காக ஒன்று எழுதுகிறேன். அப்பாவுக்கு 71, இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க ஈகோஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஓடுகிறது. முன்னங்கை இரண்டிலும் கருஞ்சிவப்புத் திட்டுத் திட்டாக வரும், சட்டைக் கை உரசினால்கூடப் போதும். வயதானால் தோலுக்கு அடியில் கொழுப்பும் கொலாஜனும் குறைந்து ரத்தக்குழாய்க்குத் தாங்கல் இல்லாமல் போகிறது, வெயில் பட்ட கைகளில்தான் அதிகம், அது வெறும் பார்வைக்குத்தான் பயம் என்று டாக்டர் சொன்னார். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் என்றும் கண்டித்துச் சொன்னார்.

அப்புறம் வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். கொட்டிப் பார்த்தால், மூட்டு வலிக்கென்று அப்பாவே மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் ஒரு பக்கம், யாரோ சொன்னார்கள் என்று வரவழைத்த பெயரில்லாத மூலிகைப் பொடி ஒரு பக்கம். பொடியைத் தொட்டதும் மூட்டு வலி மாயமாகப் போகிறது, முகம் வேறு உப்புகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், ஸ்டீராய்டு தோலைத் தாள் மாதிரி ஆக்கிவிடும் என்றார். ஆனால் இத்தனை நாள் சாப்பிட்டதால் அதையும் திடீரென்று நிறுத்தக்கூடாதாம், அவரே பார்த்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்.

இதைவிட முக்கியமானது இனிமேல்தான். போன மார்கழியில் அப்பா குளியலறையில் வழுக்கித் தலையில் லேசாக இடித்துக்கொண்டார். நெற்றியில் சின்ன வீக்கம், நன்றாகப் பேசினார், ஐஸ் வைத்துப் படுக்க வைத்தேன். காலையில் எழுப்பினால் குழறுகிறார், காபி டம்ளரைப் பிடிக்கத் தெரியவில்லை. ஸ்கேனில் மூளையின் மேல் ரத்தம் தேங்கியிருந்தது. துளை போட்டு எடுத்தார்கள், பிழைத்துவிட்டார். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர் தலையில் இடித்துக்கொண்டால் எவ்வளவு சின்ன இடியானாலும், ஆள் நன்றாகப் பேசினாலும், அன்றைக்கு இரவே கூட்டிக்கொண்டு போங்கள். அந்த இரவை நான் தூங்கிக் கழித்தேன், அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பொதுமருத்துவர்_திருச்சி எழுதியது:

கொடிமுல்லை, உங்கள் இரண்டாவது பதிவைப் படித்தபிறகு எழுதுகிறேன். இணையத்தில் நோயைக் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் ரத்தவியல் மருத்துவர் ஒருவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும், இந்த மாதத்துக்குள்.

ரத்தம் நிற்பதற்கு எண்ணிக்கை மட்டும் போதாது. குழாயில் ஓட்டை விழுந்ததும் பிளேட்லெட் ஓடிவந்து ஒட்ட வேண்டும், அதை ஒட்டவைக்கிற பசை மாதிரி ஒரு புரதம் இருக்கிறது, அதன் பிறகு உறைதல் காரணிகள் வந்து வலை பின்ன வேண்டும். செங்கல் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் இருக்கிறது, சிமென்ட் இல்லையென்றால் சுவர் நிற்குமா? அந்தப் பசைப் புரதத்துக்கு வான் வில்பிராண்ட் காரணி என்று பெயர். அது குறைவாக இருப்பதுதான் பரம்பரை ரத்தக்கசிவு நோய்களில் மிகவும் அதிகமாகக் காணப்படுவது. பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்பிராண்ட் 1926இல் இதைப் பற்றி எழுதினார். ஓலாந்து தீவுகளிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை அவரிடம் கொண்டுவந்தார்கள், அந்தக் குடும்பத்தில் பலருக்கும் இதே தொல்லை. அந்தப் பெண் பின்னாளில் தன் நான்காவது மாதவிலக்கில் ரத்தம் நிற்காமலே இறந்துபோனாள். ஹீமோஃபிலியா என்ற இன்னொரு பரம்பரை ரத்தக்கசிவு நோய் என்றால் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு வரும், மூட்டில் ரத்தம் கட்டும், வீட்டில் உடனே தெரிந்துவிடும். இது ஆண் பெண் இருவருக்கும் வரும், பெண்களிடம் மாதவிலக்காகப் போவதால் யாரும் நோய் என்று எண்ணுவதில்லை. நம்ம வீட்டுப் பொம்பளைங்க உடம்பே அப்படி என்று உங்கள் அம்மா சொன்னாரே, அதை அப்படியே போய் டாக்டரிடம் சொல்லுங்கள். லேப் தாளைவிட அந்த ஒரு வாக்கியம் பெரிய தடயம். அப்பா அம்மா சொந்தத்தில் கட்டியவர்களா என்பதையும் சொல்லுங்கள், சில அரிய வகைகள் சொந்தத்துக்குள் திருமணம் செய்த வீடுகளில் அதிகம் வரும்.

பல் பிடுங்கும் முன் எடுத்த அந்த பிடி, சிடி டெஸ்ட் இதைப் பிடிக்காமல் தப்பவிடும், அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. வான் வில்பிராண்ட் அளவையும் அதன் செயல்பாட்டையும் எட்டாவது உறைதல் காரணியையும் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். கர்ப்பத்திலும், காய்ச்சலிலும், மன அழுத்தத்திலும் அந்த அளவு தற்காலிகமாக ஏறி நார்மல் மாதிரி காட்டும், அதனால் ஒரு தடவை நார்மல் வந்தாலும் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். பிரசவத்தின்போது தாங்கிவிட்டுப் பத்தாம் நாள் உங்களுக்கு ரத்தம் போனதும் இதனோடு பொருந்தித்தான் வருகிறது, ஏறியிருந்த அளவு பிரசவத்துக்குப் பிறகு இறங்கிவிடும். அந்த வலி மாத்திரையை நிறுத்துங்கள், அது பிளேட்லெட் ஒட்டுவதைத் தடுக்கிற வகை. பாராசிட்டமால் போதும். இரும்புச்சத்து அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

நெல்லிக்காயைப் பற்றி. நெல்லிக்காய் நல்லதுதான், வைட்டமின் சி அடியோடு குறைந்தால் கன்றுவதும் ஈறில் ரத்தம் வருவதும் உண்மைதான். ஆனால் மாதக்கணக்கில் பழமும் காயும் தொடாதவர்களுக்கு, குடிக்கு அடிமையானவர்களுக்கு வருவது அது. புதுக் கன்றலுக்கு முதல் ஒன்றிரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் கால் மணி நேரம் வைத்தால் போதும். சூடான பற்றும் தைலம் போட்டுத் தேய்ப்பதும் கசிவைக் கூட்டும்.

மற்றவர்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன். ஓடி ஆடுகிற பிள்ளையின் முழங்காலிலும் அதற்குக் கீழே முன்பக்க எலும்பின் மேலும் நீலம் இருந்தால் அது விளையாட்டு. தவழக்கூடத் தொடங்காத குழந்தைக்கு, அல்லது எந்த வயதானாலும் காரணமில்லாமல் முதுகு, வயிறு, காது, முகம் என்று வந்தால் அன்றே காட்டுங்கள். பிறந்ததிலிருந்தே இடுப்பின் கீழ் இருக்கிற நீலத் திட்டு வேறு, அது நம் குழந்தைகளுக்குச் சகஜம், மச்சம் மாதிரி, கன்றலைப் போல நாளுக்கு நாள் நிறம் மாறாது. கன்றல் என்றால் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி இரண்டு வாரத்தில் மறைய வேண்டும். அப்படி மறையாமல் பெரிதாகிக்கொண்டே போனாலோ, காய்ச்சல், எடை குறைதல், கழுத்தில் கட்டி, ஓயாத அசதி கூடச் சேர்ந்தாலோ ரத்தத்தில் வெள்ளணு வரை பார்க்க வேண்டும், புற்றுநோய் என்ற பயத்துக்கு இடம் அங்கேதான். கண் மஞ்சளாகி வயிறு வீங்கியிருந்தால் கல்லீரலைப் பார்க்க வேண்டும், உறைதல் காரணிகளில் பெரும்பாலானவை அங்கேதான் தயாராகின்றன. கறுப்பாக மலம் போவது, சிறுநீரில் ரத்தம், பத்து நிமிடம் மூக்கை அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைவது, கூடவே தலைசுற்றல், இதற்கெல்லாம் காலை வரை காத்திருக்கக் கூடாது.

கொடிமுல்லை எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கோயம்புத்தூரில் ஒரு ரத்தவியல் டாக்டரைப் பார்த்தேன். நீங்கள் எல்லாரும் கேட்டதையே அவரும் அதே வரிசையில் கேட்டார், நான் இங்கே எழுதியதை ஒரு தாளில் பிரதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன், அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். இரண்டு முறை ரத்தம் எடுத்தார்கள். வான் வில்பிராண்ட் அளவு முதலில் 31, அடுத்தது 27. குறைந்தது 50 இருக்க வேண்டுமாம். முதல் வகை, இருப்பதிலேயே லேசானது என்றார். இரும்புச்சத்து கிட்டத்தட்ட காலி.

மாதவிலக்கு நாட்களில் ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை, தினமும் இரும்பு மாத்திரை, அவ்வளவுதான் இப்போதைக்கு. பல் பிடுங்குவது, ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அதற்கு அந்தப் பசைப் புரத அளவைத் தற்காலிகமாக ஏற்றுகிற டெஸ்மோபிரசின் என்ற மருந்து எனக்கு வேலை செய்கிறதா என்று ஒரு நாள் போட்டுப் பார்த்துக் குறித்துவைக்கப் போகிறார்கள். பர்ஸில் வைத்துக்கொள்ள ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் மாத்திரையோடு ஆறே நாளில் நின்றுவிட்டது, பழைய சேலை விரிக்காமல் படுத்தேன். சொன்னால் யாருக்கும் புரியுமா தெரியவில்லை, காலையில் எழுந்து வெள்ளையாக இருந்த படுக்கை விரிப்பைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு 38 வயதிலேயே ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், அந்த ஆபரேஷனில் நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அம்மாவின் அளவும் குறைவுதான். டாக்டர் சொல்லி முடித்ததும் அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை. பஸ்ஸில் வரும்போதுதான், அப்போ மாத்திரையிலேயே நின்றிருக்குமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன், மெதுவாக.

ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. சின்னவளுக்கு எட்டு வயது, இன்னும் பெரியவளாகவில்லை. அவளுக்கு இப்போதே பார்க்க வேண்டுமா? பெரியவனுக்கும் வேண்டுமா?

பொதுமருத்துவர்_திருச்சி எழுதியது:

இருவருக்கும் பாருங்கள், ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பையனுக்கு என்றைக்காவது பல்லோ டான்சிலோ எடுக்க நேரும்போது உதவும். பெண்ணுக்கு வயதுக்கு வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், முதல் மாதவிலக்கே கடுமையாக வரக்கூடும், அன்றைக்கு மாத்திரை வீட்டில் தயாராக இருக்கட்டும். பள்ளியில் வகுப்பு டீச்சரிடமும் எழுதிக் கொடுத்துவையுங்கள். பரிசோதனையைக் காய்ச்சல், சளி இல்லாத நாளாகப் பார்த்து எடுங்கள். சின்னவள் ஊசிக்கு அழுது ஆர்ப்பாட்டம் செய்தால் அதிலேயே அளவு ஏறிவிடும், அதனால் கொஞ்ச நேரம் விளையாட விட்டு, அமைதியானபிறகு எடுக்கச் சொல்லுங்கள்.